பாயும் நீராவியும்

(வல்வெட்டித்துறையில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய அச்சு வடிவம்)



நீராவிச் சுழலியைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று நான் சொன்னபோது, அனல் மின் நிலையத்து இயந்திரத்துக்கும் இந்த ஊருக்கும் என்ன தொடர்பு என்று விழாக் குழுவினர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. அதற்கான பதிலாகவே இந்த உரையை அமைத்திருக்கிறேன்.

இரண்டு கப்பல்களிலிருந்து தொடங்குகிறேன். ஒன்று உங்களுடையது. இந்தக் கரையில் கட்டப்பட்ட அன்னபூரணி, பாய்களை மட்டுமே நம்பிப் பெருங்கடல்களைக் கடந்து 1938ஆம் ஆண்டு அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்துக் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது. மற்றது இங்கிலாந்தில் சார்ள்ஸ் பார்சன்ஸ் கட்டிய ரேர்பினியா. 1897 ஜூன் மாதத்தில், விக்ரோறியா மகாராணியின் வைர விழாக் கடற்படை அணிவகுப்புக்கு நடுவே அது மணிக்கு 34 கடல் மைல் வேகத்தில் ஓடிக்காட்டியது. நீராவிச் சுழலியால் ஓடிய முதற் கப்பல் அதுதான். முதலாவது பாய்மரக் காலத்தின் கடைசிச் சாதனைகளுள் ஒன்று. இரண்டாவது இன்றைய மின்சார யுகத்தின் முன்னோடி. இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரானவை என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் இரண்டையும் ஓட்டியது ஒரே இயற்பியல் விதி.

பாய்ந்துவரும் ஒரு பொருளைத் தடுத்து நிறுத்துவதைவிட, அதன் திசையைத் திருப்பினால் அதிக வலு கிடைக்கும். பாய் காற்றைத் திருப்புகிறது. சுழலியின் இதழ் நீராவியைத் திருப்புகிறது. ஒரு சுழலியின் வடிவமைப்பு முழுவதும், இந்தத் திருப்பத்தை வீணின்றி நிகழ்த்துவது எப்படி என்ற ஒரே கேள்விக்கான விடை. இதுவே என் கருத்து. இதை ஆறு பகுதிகளாக உங்கள் முன் வைக்கிறேன்.

1. திருப்புவதால் வரும் வலு

பின்காற்றில் ஓடும் வள்ளத்தைக் காற்றுத் தள்ளுகிறது. அப்போது வள்ளம் ஒருநாளும் காற்றைவிட வேகமாக ஓடாது. காற்றின் வேகத்தை நெருங்க நெருங்கப் பாய் தொய்ந்துவிடும். பக்கக்காற்றில் நிலைமை வேறு. தண்டையல் பாயைச் சரியான கோணத்தில் இழுத்துக் கட்டுகிறார். காற்று பாயின் வளைவை ஒட்டி வந்து, வேறு திசையில் வெளியேறுகிறது. காற்றின் திசை மாறியதற்கு ஈடாக மறுதிசையில் ஒரு விசை பாயில் ஏறுகிறது.

தோட்டத்தில் இறைப்பு மெசினுக்கு மாட்டிய குழாயின் வளைந்த முனையைக் கைநழுவ விட்டவர்களுக்கு இது தெரியும். குழாய் பாம்பு மாதிரித் துள்ளும். அதற்குள் யாரும் எதையும் அடிக்கவில்லை. தண்ணீர் திரும்புகிறது, அவ்வளவுதான்.

நீராவிச் சுழலியின் இதழ், உலோகத்தில் செய்த ஒரு சிறு பாய். இரண்டு இதழ்களுக்கு இடையேயுள்ள வளைந்த வழியில் நீராவி ஒரு திசையில் நுழைந்து இன்னொரு திசையில் வெளியேறுகிறது. ஒரு செக்கனில் திரும்பும் நீராவியின் நிறையையும் அதன் வேகம் மாறிய அளவையும் பெருக்கினால் இதழில் விழும் விசை கிடைக்கும். அப்படிப்பட்ட இதழ்களை ஒரு சக்கரத்தைச் சுற்றி நெருக்கமாகப் பொருத்தி, சக்கரங்களை ஒரே தண்டில் கோத்தால் அதுவே சுழலி. தண்டின் மறுமுனையில் மின்பிறப்பாக்கி இருக்கிறது.

வீணின்றித் திருப்பப்பட்டதற்கு அடையாளம் எது? இதழை விட்டு வெளியேறும் நீராவியிடம் சுழற்சி எதுவும் மிஞ்சியிருக்கக் கூடாது. செக்கனுக்கு 100 மீற்றர் வேகத்தில் வரும் நீராவி, 50 மீற்றர் வேகத்தில் ஓடும் இதழைச் சேர்வதாகக் கொள்வோம். இதழில் இருந்து பார்த்தால் நீராவி 50இல் வருகிறது. இதழ் அதை முழுமையாகத் திருப்பி 50இல் பின்னோக்கி அனுப்புகிறது. வெளியில் நின்று பார்ப்பவருக்கு அந்த நீராவி அசையாமல் நிற்கும். கொண்டுவந்த இயக்க ஆற்றல் எல்லாவற்றையும் அது கொடுத்துவிட்டது. ஆகவே இந்த வகைச் சுழலியில் இதழின் வேகம் நீராவியின் வேகத்தில் ஏறத்தாழப் பாதியாக இருக்கவேண்டும். அடுத்து வரும் சிக்கல் எல்லாம் இந்தப் ‘பாதி’யிலிருந்துதான் பிறக்கிறது.

2. அடக்க முடியாத வேகம்

நம் நாட்டின் மிகப் பெரிய அனல் மின் நிலையம் புத்தளம் மாவட்டத்தில், கற்பிட்டிக் குடாநாட்டின் நுரைச்சோலையில் உள்ளது. 300 மெகாவாட் அலகுகள் மூன்று. முதலாவது 2011இலும் மற்ற இரண்டும் 2014இலும் இயங்கத் தொடங்கின. நிலக்கரி எரிகிறது, கொதிகலனில் தண்ணீர் நீராவியாகிறது. இத்தகைய 300 மெகாவாட் அலகுகளில் நீராவியின் அமுக்கம் வளிமண்டல அமுக்கத்தைப்போல் ஏறத்தாழ 165 மடங்கும், வெப்பநிலை ஏறத்தாழ 540 பாகை செல்சியசும் இருப்பது வழக்கம். ஓர் அலகுக்கு மணிக்கு ஏறத்தாழ 1,000 தொன் நீராவி வேண்டும்.

அந்த நீராவியில் ஒவ்வொரு கிலோகிராமும் சுழலிக்குக் கொடுக்கக்கூடிய ஆற்றலை ஏறத்தாழ 1,100 கிலோஜூல் என்று எடுத்துக்கொள்வோம். அவ்வளவையும் ஒரே தாரைக்குழாயில் ஒரேயடியாக விரியவிட்டால் நீராவி செக்கனுக்கு ஏறத்தாழ 1,480 மீற்றர் வேகம் பெறும். காற்றில் ஒலி செல்லும் வேகத்தைப்போல் இது நான்கு மடங்குக்கு மேல். ‘பாதி’ விதிப்படி இதழ் 740 மீற்றர் வேகத்தில் ஓடவேண்டும். ஒரு மீற்றர் விட்டமுள்ள சக்கரமென்றால் அது நிமிடத்துக்கு 14,000 தடவை சுற்றவேண்டும். பெரிய மின்பிறப்பாக்கி எதையும் அந்த வேகத்தில் சுற்ற முடியாது.

சுவீடன் நாட்டுப் பொறியியலாளர் குஸ்தாவ் த லாவால் 1880களில் இந்த வழியில் போய்ப் பார்த்தவர். பாலிலிருந்து ஆடையைப் பிரிக்கும் பொறிக்காக அவர் செய்த ஒற்றைச் சக்கரச் சுழலி, நிமிடத்துக்கு 30,000 சுற்று வரை ஓடியது. சிறிய வேலைக்கு அது போதும். ஒரு நகரத்துக்கு வெளிச்சம் கொடுக்க அது உதவாது.

3. படிகளாகப் பிரித்தல்

பார்சன்ஸ் 1884இல் கண்ட வழி, விழும் உயரத்தைப் படிகளாக வெட்டுவது. அமுக்கம் முழுவதையும் ஓரிடத்தில் விழவிடாமல், ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் கொஞ்சமாக விழவிட்டார். ஒரு வரிசை அசையாத இதழ்கள் நீராவியை வேகப்படுத்திச் சரியான கோணத்தில் அனுப்பும். அடுத்த வரிசை சுழலும் இதழ்கள் அதைத் திருப்பி வலுவை எடுக்கும். மீண்டும் அசையாத வரிசை, மீண்டும் சுழலும் வரிசை.

கணக்கைப் பாருங்கள். வேகம் ஆற்றலின் வர்க்கமூலத்துக்கு விகிதசமம். அதே 1,100 கிலோஜூலை 25 சம படிகளாகப் பிரித்தால், ஒவ்வொரு படியிலும் வேகம் ஐந்தில் ஒன்றாகிவிடும். 1,480 என்பது ஏறத்தாழ 300 ஆகும். இதழின் வேகம் 150 போதும். நிமிடத்துக்கு 3,000 சுற்றில் இந்த வேகத்தைப் பெற, ஒரு மீற்றருக்குச் சற்றுக் குறைந்த விட்டமுள்ள சக்கரம் போதுமானது.

3,000 என்ற எண்ணை நான் சும்மா எடுக்கவில்லை. நம் வீட்டு மின்சாரம் செக்கனுக்கு 50 முழு அலைவுகளை முடிக்கிறது. இருமுனைக் காந்தம் கொண்ட மின்பிறப்பாக்கி 50 ஹேர்ட்ஸ் தரவேண்டுமானால் செக்கனுக்கு 50 தடவை, அதாவது நிமிடத்துக்கு 3,000 தடவை சுற்றவேண்டும். நுரைச்சோலைக்கும் தமிழ்நாட்டின் கூடங்குளம் அணுமின் நிலையத்துக்கும் அதே 3,000தான்.

பார்சன்ஸின் வகையில் இன்னொரு நுட்பமும் உண்டு. அவர் சுழலும் இதழ்களுக்கு இடையிலும் அமுக்கத்தை விழவிட்டார். அதனால் நீராவி அவற்றுக்குள் திரும்புவதோடு வேகமும் பெற்று வெளியேறுகிறது. பக்கக்காற்றில் நன்றாக இழுத்துக் கட்டிய பாயின் வேலைக்கு மிக நெருங்கியது இதுதான். இன்றைய பெரிய சுழலிகள் இரண்டு முறைகளையும் இடத்துக்கேற்பக் கலந்து கையாள்கின்றன.

4. விரியும் வழியும் முறுக்கிய இதழும்

அமுக்கம் குறையக் குறைய நீராவி விரிகிறது. சுழலிக்குள் நுழையும்போது ஒரு கிலோகிராம் நீராவிக்கு ஏறத்தாழ 20 லீற்றர் இடம் போதும். வெளியேறும்போது அதே ஒரு கிலோகிராமுக்கு ஏறத்தாழ 20,000 லீற்றர், ஒரு சிறிய அறையளவு இடம் வேண்டும். ஆயிரம் மடங்கு. ஆகவே முதற்படி இதழ்கள் விரலளவாக இருக்க, கடைசிப்படி இதழ்கள் ஏறத்தாழ ஒரு மீற்றர் நீளத்துக்கு வளர்ந்துவிடுகின்றன. அப்போதும் இடம் போதாமல், தாழ் அமுக்கப் பகுதியின் நடுவில் நீராவியைவிட்டு இருபுறமும் பிரிந்து ஓடச் செய்கிறார்கள்.

சுழலி வடிவமைப்பின் உச்சம் இந்தக் கடைசி இதழ். அதற்கு மூன்று சோதனைகள்.

முதலாவது, வேகம் இடத்துக்கிடம் மாறுவது. ஒரே சக்கரத்தில் அடியைவிட நுனி மிக வேகமாக ஓடுகிறது. நுனியின் வேகம் செக்கனுக்கு 500 மீற்றரையும் தாண்டும். அடியில் நீராவி ஒரு கோணத்தில் வந்து சேர, நுனியில் வேறொரு கோணத்தில் வந்து சேர்கிறது. ஆகவே இதழை முறுக்கவேண்டும். கடல் மட்டத்தில் காற்று மெதுவாகவும் பாய்மர உச்சியில் விரைவாகவும் வீசும்போது பாயின் மேற்பகுதிக்கும் கீழ்ப்பகுதிக்கும் வேறு வேறு கோணம் வைப்பவர்களுக்கு இதன் காரணம் விளங்கும்.

இரண்டாவது, பாரம். மையத்திலிருந்து ஒன்றேகால் மீற்றர் தூரத்தில் நிமிடத்துக்கு 3,000 தடவை சுற்றும் ஒரு கிலோகிராம் உலோகம், பன்னிரண்டரைத் தொன் எடையோடு வெளியே இழுக்கும். பத்துக் கிலோ இதழென்றால் 125 தொன். அந்த இழுவையைத் தாங்க இதழின் வேரைத் தேவதாரு மரம் போன்ற பல்வரிசையாக வெட்டிச் சக்கரத்தில் கோர்க்கிறார்கள். ஒவ்வொரு பல்லும் பாரத்தில் ஒரு பங்கை ஏந்துகிறது.

மூன்றாவது, அதிர்வு. தைப்பொங்கலன்று உங்கள் கடற்கரையில் ஏறும் பட்டங்களில் விண் என்ற நாடாவைக் கட்டுகிறீர்கள். காற்றுப் பட்டதும் அந்த நாடா தன் இயல்பான அதிர்வில் கூவுகிறது. ஊரே கேட்டு மகிழ்கிறது. சுழலியின் நீண்ட இதழும் அப்படி ஒரு நாடாதான். அதற்கும் தன் இயல்பான அதிர்வு உண்டு. அசையாத இதழ்களின் இடைவெளிகளைக் கடக்கும்போதெல்லாம் நீராவி அதைத் தட்டிக்கொண்டே இருக்கிறது. அந்தத் தட்டலின் தாளமும் இதழின் இயல்பான அதிர்வும் ஒத்துப்போனால் இதழ் களைத்து முறியும். விண் கூவவேண்டும் என்பதற்காக நீங்கள் நாடாவை இழுத்துக் கட்டுகிறீர்கள்; இதழ் ஒருபோதும் கூவக்கூடாது என்பதற்காக வடிவமைப்பாளர் அதன் தடிப்பையும் நீளத்தையும் கணக்கிடுகிறார். இரண்டும் ஒரே கணிதம்.

இவற்றோடு ஈரமும் சேர்கிறது. கடைசிப் படிகளில் நீராவியின் ஒரு பங்கு துளிகளாகிவிடும். அவ்வளவு வேகத்தில் ஓடும் இதழுக்குத் துளியும் கல்லும் ஒன்று. அதனாலேயே உயர் அமுக்கப் பகுதியிலிருந்து வரும் நீராவியை மறுபடி கொதிகலனுக்கு அனுப்பிச் சூடேற்றி அடுத்த பகுதிக்குக் கொண்டுவருகிறார்கள். இதழின் முன்விளிம்புக்குக் கடினமான உலோகக் கவசமும் இடுகிறார்கள்.

5. கடல் செய்யும் பாதி வேலை

வேலை முடித்த நீராவி எங்கே போகிறது? பழைய நீராவி ரயில் அதைப் புகைபோக்கி வழியே வெளியே விட்டது. மின் நிலையத்தில் அப்படி விட்டால் கிடைக்கக்கூடிய ஆற்றலில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு பறிபோகும். சுழலியின் அடியில் ஒடுக்கி என்ற பெரிய அறை இருக்கிறது. அதற்குள் ஆயிரக்கணக்கான குழாய்களில் கடல்நீர் ஓடுகிறது. குழாயின் வெளிப்புறத்தைத் தொட்ட நீராவி தண்ணீராகிச் சுருங்குகிறது. அங்கே அமுக்கம் வளிமண்டல அமுக்கத்தில் ஏறத்தாழப் பதினைந்தில் ஒரு பங்காகக் குறைந்து வெற்றிடம் உண்டாகிறது. அந்த வெற்றிடம் சுழலியின் கடைசி முனையிலிருந்து நீராவியை இழுக்கிறது.

எனவே கொதிகலனுக்குக் கொடுக்கும் அதே மதிப்பைக் கடலுக்கும் கொடுக்கவேண்டும். கடல்நீர் ஓரிரு பாகை சூடானாலும் வெற்றிடம் கெட்டு மின்சாரம் குறையும். நம் வெப்பக் கடலில் இது என்றும் உள்ள இழப்பு. ஒரு குழாய் பொத்தல் விழுந்தால் உப்பு, நீராவிச் சுற்றுக்குள் புகுந்து இதழ்களை அரிக்கும். உப்புக்கு இரும்பு என்ன ஆகும் என்பதை இந்த ஊருக்கு நான் சொல்லத் தேவையில்லை. நிலக்கரி தரும் வெப்பத்தில் ஏறத்தாழப் பாதி இந்த வழியாகக் கடலுக்கே போய்ச் சேர்கிறது. அந்தக் கடலில் மீன் பிடிப்பவர்களுக்கு அதைப்பற்றிக் கேள்வி கேட்கும் உரிமை உண்டு. பொறியியலாளருக்குப் பதில் சொல்லும் கடமையும் உண்டு.

கடல் வேறொரு வகையிலும் ஆள்கிறது. நுரைச்சோலைக்கு வரும் கப்பல்கள் ஆழ்கடலில் நிற்க, நிலக்கரி தட்டைப் படகுகளுக்கு மாற்றிக் கரைக்குக் கொண்டுவரப்படுகிறது. சோழகக் காற்று வீசும் மாதங்களில் மேற்குக் கரையில் அது முடியாது. கடல் அடங்கியிருக்கும் பருவத்திலேயே ஆண்டுக்கான நிலக்கரியை இறக்கிச் சேமித்துக்கொள்ளவேண்டும். பருவம் பார்த்துப் பாய் விரித்த உங்கள் முன்னோருக்கு இருந்த அதே கட்டுப்பாடு 900 மெகாவாட் நிலையத்துக்கும் இருக்கிறது.

6. வேகத்தைக் காத்தல்

1990களில் இந்தக் குடாநாடு நாட்டின் மின்வலையிலிருந்து துண்டிக்கப்பட்டுக் கிடந்தது. வானொலிச் செய்தி கேட்க, சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி மிதிகட்டையைக் கையால் சுற்றி டைனமோவை ஓட்டிய தலைமுறையைச் சேர்ந்தவன் நான். மின்பிறப்பாக்கியின் அடிப்படைப் பாடத்தை என் கை அங்கேதான் கற்றது. எதுவும் மாட்டாதபோது மிதிகட்டை இலேசாகச் சுற்றும். வானொலியை மாட்டியதும் கனக்கும். மின்சாரம் எடுப்பவர் யாரோ, அவர் சுற்றுபவரின் கையைப் பிடித்து நிறுத்தப் பார்க்கிறார்.

நாடு முழுவதும் அதேதான் நடக்கிறது. மாலையில் வீடுகளில் விளக்கு எரியத் தொடங்கியதும் நுரைச்சோலையின் தண்டு கனக்கிறது. வேகம் 3,000இலிருந்து மயிரிழை குறைகிறது. வேகக் கட்டுப்பாட்டுக் கருவி அதை உணர்ந்து வால்வைத் திறந்து கூடுதல் நீராவியை விடுகிறது. மாறாகப் பாரம் திடீரென அறுந்துபோனால், ஓரிரு செக்கனில் வேகம் பத்து வீதத்துக்கு மேல் கூடிவிடும். இதழ்களின் இழுவை வேகத்தின் வர்க்கமாக ஏறுவதால் அதற்குள் வால்வு மூடியே ஆகவேண்டும்.

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை முற்பகல். பாணந்துறை உபமின்நிலையத்தில் ஏற்பட்ட கோளாற்றால் நாடே இருண்டது. மின்தேவை குறைந்து, சூரிய மின்சாரம் மிகுந்திருந்த நேரம் அது. கனத்த சுழலித் தண்டுகளின் சுழற்சியில் ஆற்றல் சேர்ந்திருக்கும். கோளாறு வந்ததும் முதற்சில செக்கன்களுக்கு அந்த ஆற்றல்தான் வலையைத் தாங்குகிறது. கூரையில் கிடக்கும் சூரியத் தகட்டுக்கு அப்படிச் சுழலும் நிறை இல்லை. இது சூரிய மின்சாரத்துக்கு எதிரான வாதமாகாது. அதை வளர்க்கும்போது இந்தக் குறையை ஈடுசெய்யும் ஏற்பாட்டையும் சேர்த்தே வளர்க்கவேண்டும் என்பதே பாடம்.

அன்று நுரைச்சோலையின் மூன்று அலகுகளும் நின்றன. மின்சாரம் அன்றே மீண்டது. ஆனால் அடுத்த நாட்களிலும் மின்வெட்டு வந்தது. ஏன் என்று பலர் கோபத்தோடு கேட்டார்கள். காரணத்தின் ஒரு பகுதி உலோகத்தில் இருக்கிறது. நின்றுபோன சூடான தண்டின் மேற்புறம் கீழ்ப்புறத்தைவிடச் சூடாக இருக்கும். ஒருபக்கம் வெயில் பட்ட பலகை கோணுவதுபோல் தண்டும் வளையும். அது வளையாதிருக்க, ஒரு சிறு மோட்டார் அதை மெதுவாகப் பல மணிநேரம் உருட்டிக்கொண்டே இருக்கவேண்டும். மறுபடி ஓட்டும்போதும் தண்டும் வெளிக்கூடும் வேறு வேறு கதியில் சூடேறி நீளும். இரண்டுக்கும் இடையேயுள்ள இடைவெளி சில இடங்களில் ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவு. அவசரப்பட்டால் உரசி அழியும். அந்தப் பொறுமையை இயந்திரத்தின் பலவீனம் என்று நான் சொல்லமாட்டேன். வீணின்றித் திருப்பவேண்டும் என்பதற்காக இடைவெளியை அவ்வளவு நெருக்கமாக வைத்ததற்கு நாம் கொடுக்கும் விலை அது.

நிறைவாக

2020 இறுதியில் மன்னார்த் தீவில் முப்பது காற்றுச் சுழலிகள் நிறுவப்பட்டன; மொத்தம் 103.5 மெகாவாட். அவற்றின் இதழ்களும் முறுக்கியவை. அவையும் காற்றைத் திருப்பியே வலு பெறுகின்றன. ஒரு வேறுபாடு மட்டும் முக்கியமானது. திறந்த வெளியில் வீசும் காற்றிலிருந்து 59 வீதத்துக்கு மேல் எடுக்க இயற்கை விடாது. அதற்குமேல் தடுத்தால் காற்று சுற்றிக்கொண்டு போய்விடும். கூட்டுக்குள் அடைபட்ட நீராவிக்குத் தப்பும் வழி இல்லை. அதனால்தான் படிப்படியாக அதைத் திருப்பி, எடுக்கக்கூடியதில் பெரும்பங்கை எடுக்க முடிகிறது. பாயிலிருந்து நீராவிக்குப் போன அறிவு இப்போது மீண்டும் காற்றுக்குத் திரும்பியிருக்கிறது. நிலக்கரியின் காலம் முடியலாம். திருப்பி எடுக்கும் கலை முடியாது.

மாணவர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். வரும் தைப்பொங்கலுக்குப் பட்டம் கட்டும்போது முச்சைக் கயிற்றின் நீளத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். ஒவ்வொரு தடவையும் பட்டம் காற்றோடு ஆக்கும் கோணத்தை அளவிடுங்கள். நூலின் இழுவையை ஒரு விற்றராசால் அளவிடுங்கள். இரண்டையும் வரைபுத்தாளில் குறியுங்கள். கோணம் கூடக்கூட இழுவை ஏறும். ஓர் எல்லையைத் தாண்டியதும் பட்டம் தடுமாறும். பாயில் காற்றுப் பிரிந்து வலு குறைவதும் சுழலி இதழில் நீராவி பிரிந்து வீணாவதும் அதுபோன்ற ஓர் எல்லையைத் தாண்டும்போதுதான். பக்கத்தில் ஒரு பழைய தண்டையலையோ கப்பல் கட்டிய மேத்திரியாரையோ இருத்தி, அவர் கண்ணால் பார்த்துச் சொல்லும் கோணத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். அவர் சொன்ன எண்ணும் நீங்கள் அளந்த எண்ணும் எவ்வளவு நெருங்குகின்றன என்று பாருங்கள். சுழலி வடிவமைப்பின் முதற்பக்கத்தை அன்று நீங்களே எழுதியிருப்பீர்கள்.